மலையிலிருந்து என்ன இறங்கியது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மலைச்சாலைப் பயணம் பற்றிய கேள்விகள்தான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மலைப்பாதையில் காரில் போகும்போது உச்சியிலிருந்து அடிவாரம் வரை மூன்று பெரிய இரும்புக் குழாய்கள் நேராக இறங்குவதைப் பார்த்தோம். சாலை அத்தனை கொண்டை ஊசி வளைவு போட்டு ஏறும்போது குழாய் மட்டும் ஏன் செங்குத்தாக இறங்குகிறது? உள்ளே என்ன போகிறது?

தண்ணீர். நீர்மின் நிலையத்துக்குப் போகும் அந்தக் குழாய்க்கு பென்ஸ்டாக் என்று பெயர். வண்டி ஏறுவதற்குச் சரிவு குறைவாக இருக்க வேண்டும், அதனால் சாலை சுற்றிச் சுற்றிப் போகிறது. தண்ணீருக்கு அந்தக் கவலை கிடையாது. எத்தனை உயரத்திலிருந்து விழுகிறது என்பதுதான் கணக்கு, எத்தனை தூரம் ஓடி வந்தது என்பது அல்ல. நீளம் கூடக் கூட உராய்வில் சக்தி வீணாகும், இரும்புச் செலவும் ஏறும். அதனால் முடிந்தவரை நேராக இறக்கிவிடுவார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நொடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 980 கிலோவாட். டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் போகும் இழப்பைக் கழித்தாலும் 800 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரமாகக் கையில் நிற்கும். உயரம் ஐந்து மடங்கானால் அதே தண்ணீரில் ஐந்து மடங்கு. மலையில் சின்ன ஓடையைக் கூட விடாமல் வளைத்துப் பிடிப்பது இதற்காகத்தான்.

அடுத்த தடவை பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குழாய் திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வீடு அளவுக்குக் கான்கிரீட் கட்டை இருக்கும், தண்ணீரின் வேகம் குழாயைத் தூக்கி எறியாமல் பிடித்துக்கொள்வது அது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்: கீழே போகப் போக குழாயின் தகடு தடிமனாகிக்கொண்டே வரும். 500 மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் கொடுக்கிறது, உங்கள் கார் டயரில் இருப்பது 2 கிலோவுக்குச் சற்று மேல். மூன்றாவது, குழாய் தொடங்கும் இடத்தில், மலையின் தோளில், வாய் திறந்த உயரமான தொட்டி ஒன்று நின்றால் அது சர்ஜ் டேங்க். கீழே வால்வைத் திடீரென மூடினால், பின்னால் வந்துகொண்டிருக்கும் அத்தனை தண்ணீரும் நிற்க இடமில்லாமல் மோதும், குழாயே கிழிந்துவிடலாம். அந்த வேகம் ஏறித் தணிவதற்கு விட்ட இடம்தான் அந்தத் தொட்டி.

கேள்வி: மலைக்குப் போவது பசுமையைப் பார்க்க. என் கணவரோ அருவியை விட்டுவிட்டு பழைய புகைபோக்கி, இடிந்த ஆலை, ரயில் பாலம் என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டோ எடுக்கிறார். இயற்கையைக் கெடுத்த விஷயங்களைப் போய் ரசிப்பானேன்?

நான் உங்கள் கணவர் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்தின் அழகான மலைச்சாலைகளில் பல, சுற்றிப் பார்ப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. தாதுவோ கல்லோ மரமோ கீழே கொண்டு வர வேண்டியிருந்தது, இயந்திரத்தை மேலே ஏற்ற வேண்டியிருந்தது, அதற்காகப் பாதை வந்தது. நீங்கள் நின்று அருவியைப் பார்க்கும் அந்த வளைவே கூட அப்படி வந்ததாக இருக்கலாம்.

நார்வேயில் ருயூகான் என்று ஓர் ஊர். 1,883 மீட்டர் உயரமுள்ள கௌஸ்தாத்தொப்பன் மலை ஒரு பக்கம், நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. அங்கே இருந்த அருவியின் வீழ்ச்சியைப் பிடித்துத்தான் வேமொர்க் மின் நிலையம் கட்டினார்கள். 1911இல் ஓடத் தொடங்கியபோது உலகத்திலேயே பெரிய நீர்மின் நிலையம் அதுதான். மலைச்சரிவில் 11 குழாய்கள் வரிசையாக இறங்கும். அந்த மின்சாரத்தை வைத்து காற்றிலிருக்கும் நைட்ரஜனை மின்வில்லில், அதாவது விடாமல் எரியும் மின்பொறியின் சூட்டில், எரித்து உரம் செய்தார்கள். ஊரே அந்த ஆலைக்காக எழுந்தது. ஆனால் பள்ளத்தாக்கு அத்தனை ஆழம் என்பதால் வருடத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் அந்த ஊர்த் தரையில் வெயிலே விழாது. அதனால் 1928இல் நிறுவனமே ஒரு கேபிள் கார் போட்டுக் கொடுத்தது, ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் மேலே போய் சூரியனைப் பார்த்துவிட்டு வருவதற்கு. 2013இல் மலை மேல் நிறுத்திய பெரிய கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் சிக்கிய இந்த ஆலையில்தான் அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கனநீர் தயாரானது. 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் சிலர் காவலிருந்த பாலத்தைத் தவிர்த்து, பனி மூடிய பள்ளத்தாக்கில் இறங்கி மறுகரையில் ஏறிப் போய் கனநீர்ப் பிரிவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று வேமொர்க் ஓர் அருங்காட்சியகம். அந்தப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் இத்தனை ஆழத்தில் இரவில் எப்படி இறங்கினார்கள் என்று வயிறு கலங்கும்.

அருவி போய்விட்டதே என்ற உங்கள் வருத்தம் நியாயமானது, அதை நான் மறுக்க மாட்டேன். அருவி போன இடத்தில் என்ன வந்தது, யார் அங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றுதான் கேட்கிறேன். அப்புறம், கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது, எத்தனை நல்ல புகைபோக்கியாக இருந்தாலும்.

கேள்வி: பழைய ரயில் பாலம் ஒன்றில் எல்லாத் தூண்களும் ஒரே அளவில் இருக்க, சில மட்டும் நன்றாகத் தடித்திருந்தன. பின்னால் பழுது பார்த்து ஒட்டுப் போட்டதா?

நல்ல கண் உங்களுக்கு. பெரும்பாலும் அது கட்டும்போதே யோசித்துச் செய்தது. வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, இரண்டு பக்கத் தள்ளலும் சமமாக இருக்கும்வரை ஒல்லியான தூணே போதும். ஒன்று விழுந்தால் சமநிலை போய், சீட்டுக்கட்டு சரிவதுபோல வரிசையாக எல்லாம் போய்விடும். இடையிடையே ஒரு தடித்த தூண் இருந்தால் சரிவு அங்கே நின்றுவிடும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் ரிபிள்ஹெட் பாலம் இதற்கு நல்ல உதாரணம். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம், ஒவ்வொரு ஆறாவது தூணும் தடித்தது. இங்கில்டனிலிருந்து ஹாஸ் போகும் சாலை அதை ஒட்டியே போகிறது, மரமே இல்லாத மேட்டு வெளியில் தூரத்திலிருந்தே முழுப் பாலமும் கண்ணில் படும். இறங்கிப் பாலத்தடியில் கொஞ்சம் நடங்கள். 1870இல் வேலை தொடங்கியபோது இந்தச் சதுப்பு நிலத்தில் தொழிலாளர்கள் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கினார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். விபத்திலும் அம்மையிலும் நிறையப் பேர் போய்விட்டார்கள். அவர்களைப் புதைத்த சாப்பல்-லெ-டேல் தேவாலயம் அதே சாலையில் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, அங்கேயும் நிறுத்துங்கள். 1980களில் இந்தப் பாதையையே மூடப் பார்த்தார்கள், மக்கள் விடாமல் போராடி 1989இல் காப்பாற்றினார்கள்.

ஆஸ்திரியாவின் செம்மரிங் ரயில்பாதையும் உங்களுக்குப் பிடிக்கும், 1854இல் முடிந்தது, 41 கிலோமீட்டர். அதைக் கட்டத் தொடங்கியபோது அந்த ஏற்றத்தை ஏறக்கூடிய எஞ்சினே உலகத்தில் இல்லை. பாதை பாதி நடந்துகொண்டிருக்கும்போது 1851இல் போட்டி வைத்துத்தான் எஞ்சினைத் தேடினார்கள்!

கேள்வி: மலையில் நடைபாதை ஒன்றில் சதுரமான கற்கள் இரண்டு வரிசையாகப் பதித்திருந்தன. ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு துளை. அது என்ன?

எந்த நாட்டில் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் குதிரை டிராம் பாதைக்கு அப்படியே பொருந்துகிறது. தண்டவாளத்துக்குக் குறுக்கே மரக்கட்டை போட்டால் நடுவில் நடக்கும் குதிரையின் கால் தடுக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து, துளையில் மரமுளை அடித்து, அதில் ஆணி இறக்கி இரும்பைப் பிடித்தார்கள். இரும்பை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கல் அங்கேயே கிடக்கிறது. குனிந்து விரலை அந்தத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். சில கற்களில் இரும்பு உட்கார்ந்து உட்கார்ந்து அழுந்திய பள்ளம் கூடத் தெரியும்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1796இல் திறந்த பீக் ஃபாரஸ்ட் டிராம்வே இப்படித்தான் ஓடியது. சுண்ணாம்புக் கல் ஏற்றிய பெட்டிகள் தன் எடையிலேயே கீழே இறங்கும், குதிரைகள் காலிப் பெட்டிகளை மட்டும் மேலே இழுத்து வரும். சரிவு அதிகமான இடத்தில் குதிரையும் வேண்டாம்: உச்சியில் ஓர் உருளை, அதில் கயிறு, இறங்கும் பாரப்பெட்டி ஏறும் காலிப்பெட்டியை இழுத்துக்கொள்ளும். கிணற்றில் இரட்டை வாளி போட்ட மாதிரி. மலைச்சரிவில் காரணமில்லாமல் நேர்கோடு போட்டதுபோல ஒரு தடம் தெரிந்தால், மேல் முனையில் அந்த உருளை வீடு இடிந்து நிற்கிறதா என்று தேடுங்கள்.

மலைத்தொழிலில் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான், இங்கிருந்து என்ன இறங்கியது? அதைக் கண்டுபிடித்தால் காளவாய், சரிவுத் தடம், கீழே இருக்கும் கால்வாய் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

கேள்வி: சுரங்க ஊர்களில் புல் முளைத்த கூம்பு மலைகள் இருக்கின்றனவே, அவை இயற்கையானவையா?

இல்லை, சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கழிவு. பள்ளத்தாக்கில் இடம் குறைவு என்பதால் மலை மேலேயே கொட்டினார்கள். வேல்ஸில் அபர்வான் என்ற ஊருக்கு மேலே ஊற்றின் மீது கொட்டிய குவியல் நீரில் ஊறி 1966 அக்டோபர் 21 காலையில் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் பிரிட்டனில் கழிவுக் குவியல்களுக்கென்றே சட்டம் வந்தது. இப்படிப்பட்ட குவியல்கள் மேல் ஏறாதீர்கள், பச்சையாக இருப்பதை வைத்து உறுதியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாசனை வந்தது. வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் ஓட்டிய விதம். விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்கவே பிடிக்காது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு இறங்கவே கூடாது. வாசனை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அது நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம். சில சரிவுகளில் சாலையோரம் சரளைக் கல் நிரப்பி மேல்நோக்கி ஏறும் ஒரு தனிப்பாதை இருக்கும், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகப் போட்டது. அதன் வாயில் காரை நிறுத்தி போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கேள்வி: வாழ்நாளில் ஒரே ஒரு மலைச்சாலை என்றால் எதைச் சொல்வீர்கள்?

வேல்ஸில் லான்பெரிஸ் கணவாய். அதன் உச்சியான பென்-இ-பாஸ் 359 மீட்டர் உயரம்தான், ஆனால் அங்கிருந்து இறங்கும்போது இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வரும். கீழே வந்ததும் வலப்பக்கம் பெரிஸ் ஏரி, அதன் அக்கரையில் மலையையே படிப்படியாக வெட்டிய டினார்விக் சிலேட் குவாரி. உச்சக் காலத்தில் 3,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம், 1969இல் மூடிவிட்டார்கள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வடமேற்கு வேல்ஸ் சிலேட் நிலப்பரப்பில் இதுவும் அடங்கும்.

அந்த மலைக்குள் 1984இல் திறந்த மின் நிலையம் ஒன்று இருக்கிறது, சாலையில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் பெரிஸ் ஏரித் தண்ணீரை மேலே மார்ச்லின் மௌர் ஏரிக்கு ஏற்றுவார்கள், தேவை வரும்போது இறக்குவார்கள். மொத்தத் திறன் 1,728 மெகாவாட், சில நொடிகளில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கரைப் பாறையில் ஒரு பட்டை இன்னும் காயாமல் ஈரமாக இருந்தால், அத்தனை தண்ணீரும் சற்று முன்புதான் உங்கள் எதிரே இருக்கும் மலைக்குள் நுழைந்து மேலே போயிருக்கிறது.