விலங்கு உருவம் போட்ட வெள்ளி நாணயங்கள் வாங்கிச் சேர்த்தால் லாபம் வருமா? பினாங்கில் இருக்கிறேன்.

லாபம் ஒன்றுதான் கணக்கு என்றால், படமே இல்லாத வெள்ளிக் கட்டியை வாங்கிவிடுங்கள். யானைக்கும் பாண்டாவுக்கும் வெள்ளி விலைக்கு மேலே ஒரு தொகை வைப்பார்கள். விற்கும்போது அந்தத் தொகையையும் சேர்த்துக் கொடுக்க இன்னொரு சேகரிப்பாளர் கிடைக்க வேண்டும். நகைக்கடைக்குப் போனால் எடை போட்டுத்தான் பேசுவார்கள்.

நான் படத்துக்காக வாங்குகிறவன். ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவை நாணயம் 1990இல் தொடங்கியது. வருஷா வருஷம் படம் மாறும். சோமாலியா யானை இன்னும் வேடிக்கை. முதலில் ஜாம்பியா பெயரில் வந்தது, 2004 முதல் சோமாலியா பெயரில் வருகிறது, அச்சடிப்பதோ ஜெர்மனியின் பவேரியாவில். அதில் 100 ஷில்லிங் என்று போட்டிருக்கும். மொகதிஷுவில் அதை நீட்டி யாரும் டீ குடித்திருக்க மாட்டார்கள்!

சீனாவின் பாண்டா நாணயம் வாங்கினால் தராசு கையில் இருக்கட்டும், போலி ஏராளம். 1989 முதல் 2015 வரை வந்த வழக்கமான வெள்ளிப் பாண்டா ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். 2016 முதல் 30 கிராம்தான். எடை குறைகிறதே என்று சிலர் நல்ல நாணயத்தைத் தள்ளிவிடுகிறார்கள். 2018 என்று போட்டு 31.1 கிராம் காட்டுவதைத்தான் சந்தேகப்பட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது, செம்பும் ஒட்டாது.

என்னைக் கேட்டால், முதலில் நம் நாட்டுக் காசைத் தேடுங்கள். 1976இல் வனவிலங்குப் பாதுகாப்பு வரிசையில் வந்த வெள்ளி நாணயங்கள் இரண்டு: 15 ரிங்கிட்டில் செலாடாங் காட்டெருமை, 25 ரிங்கிட்டில் சரவாக்கின் மாநிலப் பறவையான இருவாச்சி. தப்பிர் என்ற காட்டு விலங்கு போட்ட 500 ரிங்கிட்டும் உண்டு. அது தங்கம், நமக்கு எட்டாது.

வாங்கியதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வெள்ளிக் குங்குமச் சிமிழை விபூதி போட்டுத் துடைத்துப் பழகிய வீடுகளில் இதைச் சொல்லி வைப்பது நல்லது. மேலே கோடு விழுந்தால் சேகரிப்பு மதிப்பு போய், வெறும் வெள்ளி விலைதான் மிஞ்சும். காற்றிலுள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு. பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, நாணயத்துக்கென்றே விற்கும் இறுக்கமான பிளாஸ்டிக் கேப்ஸ்யூலில் போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்தால் போதும்.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய மலாயா செப்புக்காசு பேரம் பேசி வாங்குவது தனிச் சுகம். பாண்டாவை மட்டும் அங்கே தொடாதீர்கள். ரசீது கொடுக்கிற, திரும்ப வாங்கிக்கொள்கிற கடைக்குப் போங்கள்.