கூப்பிட்டால் வராத எட்டு மாதக் குட்டி
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 8 மாதம் ஆகிறது. நான்கு மாதக் குட்டியாக இருந்தபோதே 'உட்கார்', 'வா' என்று சொன்னதும் செய்துவிடும். இப்போதோ நான் கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. எப்போதாவது வீட்டுக்கு வரும் என் தம்பி சொன்னால் மட்டும் உடனே கேட்கிறது. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக வீட்டில் குறை சொல்கிறார்கள். கற்றதெல்லாம் மறந்துவிட்டதா?

பதில்: மறக்கவில்லை, நீங்கள் செல்லம் கொடுத்ததால் வந்த வினையும் அல்ல. நாய்களுக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் வளரிளம் பருவம் தொடங்குகிறது. சிறிய இனங்களில் ஓராண்டு நிறையும்போது அது பெரும்பாலும் அடங்கிவிடும். பெரிய இனங்களில் 18 மாதம், சிலவற்றில் 2 ஆண்டுகள் வரைகூட நீடிக்கும். உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வாசித்ததும், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய்களை அவர்கள் 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் சோதித்தபோது, எட்டாம் மாதத்தில் அவை தம்மை வளர்ப்பவர் 'உட்கார்' என்று சொன்னால் கேட்பது குறைந்திருந்தது. அதே சொல்லை அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே உங்கள் குட்டி உங்களை மதிக்காமல் போய்விட்டதோ என்று மனம் வருந்தாதீர்கள். இந்தப் பிணக்கு, வளர்ப்பவரிடம் மட்டும் காட்டப்படுவதும் சில மாதங்களில் தணிந்துவிடுவதுமான ஒன்று.

ஆனால் அதுவரை காத்திருந்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு மாதத்தில் அதன் உலகம் உங்கள் காலடிக்குள் அடங்கியிருந்தது. இப்போது தரையில் கிடக்கும் ஒவ்வொரு வாசனையும், தொலைவில் நடக்கும் ஒவ்வொரு நாயும் உங்கள் குரலோடு போட்டியிடுகின்றன. நீங்கள் குரலை உயர்த்தி அந்தப் போட்டியில் வெல்ல முடியாது. பாடத்தைச் சில படிகள் பின்னால் கொண்டுபோய், வெல்லக்கூடிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். முதலில் வீட்டுக்குள், கவனத்தைக் கலைக்க எதுவும் இல்லாத அறையில் இரண்டடி தள்ளி நின்று கூப்பிடுங்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து, அதன்பின் வீட்டில் மற்றவர்கள் நடமாடும் நேரத்தில் என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். திறந்த வெளிக்குப் போகும்போது 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் இணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டி வேகமாக ஓடிக் கயிறு இறுகினாலும் கழுத்துக்குக் கேடு வராது. கூப்பிட்டும் வராமல் தப்பி ஓடி, அதையே ஒரு விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதற்கு இருக்காது.

'வா' என்ற சொல்லுக்கு இதுவரை என்ன பலன் கிடைத்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டவும், கட்டிப்போடவும், விளையாட்டை முடிக்கவும் மட்டுமே அந்தச் சொல் பயன்பட்டிருந்தால், வராமல் இருப்பதுதான் குட்டிக்கு இலாபம். அப்படிக் கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டுப் புதிய சொல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பழையதைச் சீர்செய்வதைவிட எளிது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை, வந்ததும் அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, மீண்டும் விளையாட விட்டுவிடுங்கள். வந்து சேர்ந்த ஓரிரு நொடிக்குள் அது வாய்க்குக் கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்குப் புரியாது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் வந்த பிறகு திட்டவே திட்டாதீர்கள், ஏனெனில் அது அந்தத் திட்டை ஓடியதற்கான தண்டனையாக எடுத்துக்கொள்ளாது, திரும்பி வந்ததற்கான தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு வேளைப் பயிற்சி 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நாளில் மூன்று நான்கு முறை செய்யலாம்.

கேள்வி: ஒன்பது மாத நாய், வருவோர் மீதெல்லாம் தாவி ஏறுகிறது, மாலையில் கை, உடை என்று கவ்வி இழுக்கிறது. மார்பில் முழங்காலால் இடித்தால் நின்றுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் உடலில் அது காயத்தை ஏற்படுத்தலாம். மனிதர்கள் நெருங்கி வந்தால் வலிக்கும் என்ற பாடத்தையும் கற்பித்துவிடும். தாவுவதன் நோக்கம் உங்கள் முகத்தையும் கவனத்தையும் பெறுவது. தள்ளுவதும் அதட்டுவதும்கூட அதற்குக் கவனம்தான். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் குனிந்து தடவுங்கள், தாவினால் பேசாமல் திரும்பி நில்லுங்கள், அமர்ந்தால் தின்பண்டம் கொடுங்கள். தொடங்கிய சில நாள்களில் தாவுவது முன்பைவிட அதிகமாகும். பலனளித்துவந்த ஒரு வழி திடீரென அடைபட்டால் எந்த நாயும் முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பலரும் அந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்து கைவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் தாவும்போது கொஞ்சினால்கூட, 'எப்போதாவது கிடைக்கும்' என்ற நம்பிக்கையில் பழக்கம் இன்னும் வேரூன்றிவிடும். ஆகவே விருந்தினர் வரும்போது நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வது நல்லது.

மாலை நேரக் கவ்வலுக்குப் பல் முளைப்பது காரணமாக இருக்காது. 42 நிரந்தரப் பற்களும் ஏழு மாதத்துக்குள் வந்துவிடும். பெரும்பாலும் அது தூக்கம் போதாத களைப்பு. இன்னும் ஓடவிட்டால் வெறி கூடும். மெல்லுவதற்குப் பாதுகாப்பான பொருள் ஒன்றைக் கொடுத்து, அமைதியான இடத்தில் படுக்க விடுங்கள்.

கேள்வி: நேற்றுவரை அருகிலேயே படுத்திருந்த குடையைக் கண்டு பத்து மாதக் குட்டி இப்போது நடுங்குகிறது. பழகட்டும் என்று இழுத்துப்போய்க் காட்டலாமா?

பதில்: இழுக்காதீர்கள். இந்தப் பருவத்தில் பழகிய பொருள்களின் மீதே புதிதாக அச்சம் தோன்றுவதுண்டு. குட்டி நிதானமாகத் தின்பண்டம் வாங்கித் தின்னும் தொலைவில் குடையை வைத்து, அதுவாக நெருங்க விடுங்கள். அச்சத்தோடு உணவு மறுப்பு, நொண்டுதல், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் போன்றவையும் சேர்ந்திருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.