ஆபிரகாம் கொடுத்த 400 சேக்கல்: காசா, எடையா?

எடைதான். சேக்கல் என்பது அன்றைய எடை அளவு. மனைவி சாராளை அடக்கம் செய்ய வாங்கிய மக்பேலா குகை நிலத்துக்காக ஆபிரகாம் எப்பெரோனுக்குக் கொடுத்தது தராசில் நிறுத்த வெள்ளி. அதனால் "அந்தக் காசில் யார் உருவம் இருந்தது?" என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது. நாணயம் என்பதே கி.மு. 7-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா நாட்டில்தான் தொடங்கியது.

குழப்பம் பெரும்பாலும் ஞாயிறு பள்ளிப் படங்களால் வருவது. அவற்றில் எல்லார் கையிலும் காசுப் பை இருக்கும். யூதாஸ் காலத்துக்கு அது சரி, ஆபிரகாமுக்குப் பொருந்தாது.

ஆதியாகமம் 23:16-ஐயும் எரேமியா 32:9-14-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஆனதோத்தில் வாங்கிய நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, அப்புறம் அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஒரு கிரயம் நடந்த விதத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடம் வேதாகமத்தில் அபூர்வம். யூதாவின் பழைய ஊரான எஸ்தெமோவாவில் ஐந்து ஜாடிகளில் கிடைத்த வெள்ளியும்கூடக் காசுகள் அல்ல; நறுக்கிய துண்டுகளும் உடைந்த நகைகளும்தான். எடைக்கல்லில் ஏமாற்றுவது எளிது என்பதால்தான் பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைக்கக்கூடாது என்று உபாகமம் 25:13 கண்டிக்கிறது.

ஒரு எச்சரிக்கை: 400 சேக்கலை 11.4 கிராமால் பெருக்கி 4.56 கிலோ என்று எழுதிவிடாதீர்கள். அந்த அளவு யூதா அரசின் பிற்காலத்து எடைக்கற்களிலிருந்து வந்தது. சேக்கலின் எடை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.