முட்டை பொரித்துத் தர மறுத்தவள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடும்பம் ஒன்றின் கதையான ‘ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்’ படத்தை எங்கள் குழுவில் போட்டுக் காட்ட நினைக்கிறோம். முப்பது பேர் வருவார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– மகளிர் சுய உதவிக் குழு, நல்லம்பள்ளி

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். பிள்ளைகளை மட்டும் அழைத்துவர வேண்டாம். ஆலன் டஃப் எழுதிய நாவலை வைத்து 1994இல் லீ தமஹோரி இயக்கிய படம் இது. பெத் என்ற தாய், அவளை அடிக்கும் கணவன் ஜேக், அவர்களின் பிள்ளைகள், இவர்கள்தான் கதை. அடி, பாலியல் வன்முறை, ஒரு சிறுமியின் தற்கொலை மூன்றும் இதில் உண்டு. இதைப் படம் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போட்டால், வீட்டில் அதே அடியை வாங்குகிறவர் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார். அறையை முழு இருட்டாக்க வேண்டாம். கதவுப் பக்கம் ஒரு விளக்கு எரியட்டும். யாராவது எழுந்து போனால் ஏன் என்று கேட்காமல் ஒருவர் மட்டும் கூடப் போய் உட்காரட்டும்.

வசனம் மாவோரிச் சொற்கள் கலந்த வேகமான ஆங்கிலம். முன்கூட்டியே பார்த்த ஒருவர் நான்கு இடங்களில் நிறுத்தி நடந்ததைச் சொன்னால் போதும்: விருந்து நடந்த இரவு, மறுநாள் காலை, வாடகைக் கார் பயணம், மகளின் நாட்குறிப்பைப் படிக்கும் இடம். பொது மண்டபத்தில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டுச் சந்தா அதற்குச் செல்லாது.

முடிந்ததும் டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், ஒரு மணி நேரம் பேச ஒதுக்குங்கள். “உங்க வீட்டில் எப்படி?” என்று தொடங்கினால், மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருக்கும் ஊரில் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். “பெத்துக்கு அன்னைக்கு ராத்திரி யார் உதவியிருக்கலாம்?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

கேள்வி: அவ்வளவு அடித்தும் பெத் ஏன் அவனை விட்டுப் போகவில்லை? எனக்கு எரிச்சலாக இருந்தது.
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த இரவை இன்னொரு முறை பாருங்கள். வீடு நிறைய ஆட்கள், குடி. ஜேக்கும் பெத்தும் சேர்ந்து பாடுகிறார்கள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை இருப்பது பொய்யில்லை. பிறகு ஜேக்கின் கூட்டாளி முட்டை கேட்கிறான். பொரித்துத் தரச் சொல்கிறான் ஜேக். நாலு பேர் முன்னால் அவள் மறுக்கிறாள். அந்த மறுப்புக்குத்தான் அடி. குடி அவன் கையை அவிழ்த்துவிட்டது, அவ்வளவுதான். ‘குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம் ஊரில் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

மறுநாள் மகன் பூகிக்கு நீதிமன்றம். வீங்கிய முகத்தோடு பெத்தால் போக முடியவில்லை. தாய் வராததால் பையனை அரசு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவனைப் பார்க்க வாடகைக் காரில் குடும்பமே கிளம்புகிறது. வழியில் மதுக்கடையில் வண்டியை நிறுத்திய ஜேக் வெளியே வரவே இல்லை. அடி வாங்கியது தாய், அதற்கு விலை கொடுத்தது மகன்.

அவள் போகாததற்குக் காரணம், போவதற்கு இடம் இல்லை என்று நம்பியதுதான். சொந்தத்தை எதிர்த்து ஜேக்கைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். தற்கொலை செய்துகொண்ட மகள் கிரேஸின் உடலைத் தன் குலத்தின் மராயேவுக்கு (மாவோரிகள் கூடும் பொது இடம், அங்குதான் இறுதிச் சடங்கும்) கொண்டுபோகும்போது சொந்தம் அவளை ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகே அவளுக்குத் துணிவு வருகிறது. “அனுசரிச்சுப் போம்மா” என்று மகளைத் திருப்பி அனுப்பும் தாய்வீடுகள் இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தலைப்புக்கு ‘ஒரு காலத்தில் வீரர்கள்’ என்றுதானே பொருள்? ஜேக் இப்போதும் வீரன்தானே, யாரையும் அடித்து வீழ்த்துகிறானே?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் மாவட்டத்து நடுகற்களிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கக் கல்வெட்டுகளில் ‘தொறு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்: மாட்டு மந்தை. மந்தையை மீட்கப் போய் ஊருக்காகப் பட்டவனுக்குத்தான் கல் நட்டார்கள். பலசாலி என்பதற்காக நடவில்லை. ஜேக்கின் பலம் எதையும் காக்கவில்லை. தன் முன்னோர் அடிமைகள் என்ற காயம் வேறு அவனுக்குள் கிடக்கிறது. அதை மனைவியின் குலத்தின்மேல் கோபமாகத் திருப்புகிறான். விடுதிக்குப் போன பூகிதான் அங்கே தையாஹா என்ற போர்க்கோலைப் பிடிக்கவும், தன்னை அடக்கவும் கற்கிறான். தலைப்புக்கு உரியவன் அவன்.

கேள்வி: என் நிலைமையும் பெத் நிலைமைதான். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. புகார் கொடுத்தால் நடுத்தெருவில் நிற்பேனா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: நிற்க மாட்டீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை தருகிறது. வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அது பொருந்தலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடி மட்டுமல்ல, வசை, பணம் தராமல் வைத்திருப்பது, நகையைப் பிடுங்குவது எல்லாம் இச்சட்டத்தில் வன்முறைதான்.

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் “வழுக்கி விழுந்தேன்” என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும்; ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் கேஸ் ஆட்டம் காண்பது இங்கேதான். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள்; அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அவசரமானால் இடைக்கால உத்தரவு கேளுங்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்காமல் எழுந்து வராதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இரவு பகல் எந்நேரமும் பெண்கள் உதவி எண் 181.

ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இன்றே வெளியே ஒரு நம்பகமான வீட்டில் வைத்துவிடுங்கள். வைத்திருப்பதைக் கணவரிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: கிரேஸுக்கு நடந்ததை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: படத்தில் கெடுத்தவன் அப்பாவின் நண்பன், பிள்ளைகள் ‘மாமா’ என்று அழைப்பவன். அவளுக்கு 13 வயது. நடந்த பிறகு அவள் யாரோடும் ஒட்டாமல் போகிறாள். அந்த ஆளுக்கு முத்தம் கொடுக்க மறுத்ததற்கு அப்பன் அவளையே திட்டுகிறான். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பிள்ளை ஒதுங்கினால், மரியாதை தெரியாதவள் என்று அதட்டாதீர்கள். எந்தப் பிள்ளையையும் யார் மடியிலும் உட்காரச் சொல்லாதீர்கள். தனியாக, சமையல் செய்துகொண்டோ பூக்கட்டிக்கொண்டோ கேளுங்கள். கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்டால் பல பிள்ளைகள் பேசாது. சொன்னால் “ஏன் அப்பவே சொல்லலை” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி குற்றம். கௌரவம் பார்த்துப் பேசி முடிக்க எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை.