அள்ளக் காசு கிடைக்கும், காக்கக் காசு? சேலம் வாசகர்களின் ஏரிக் கேள்விகள்

எங்கள் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து அகற்ற நினைக்கிறோம். இதற்கென்று தனி மானியம் உண்டா? (கன்னங்குறிச்சி)

அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2014 முதல் அயல் நீர்வாழ் இனங்கள் பரவாமல் தடுப்பதற்கென்றே மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் நிதி பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்த மாவட்டத்தில் படகு இறக்கும் துறைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் அதிகமோ அதற்குப் பங்கு அதிகம், ஏனென்றால் களை படகோடுதான் ஏரி விட்டு ஏரி போகிறது. நம் ஊரில் தடுப்புக்கென்று அப்படி ஒரு பை இல்லை. வேறு பெயரில் இருக்கும் பைகளில்தான் கைவிட வேண்டும்.

அதற்கு முன் ஏரி யாருடையது என்று காகிதத்தில் உறுதி செய்யுங்கள். ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். நகருக்குள் சில ஏரிகள் மாநகராட்சி பராமரிப்பில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டுப் பகர்ப்பு வாங்கினால் புல எண்ணும் பரப்பும் தெரிந்துவிடும். உரிமையுள்ள துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் எந்தப் பணமும் வராது. தப்பித்தவறி வந்தாலும் பொக்லைன் ஏரிக்குள் இறங்கிய அன்றே யாராவது நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் அளவு சங்கத்துக்கு முதலில் பொருந்துவது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு என்பது பொது விதி. நீர்நிலைப் பணிக்கு உங்கள் உள்ளாட்சியில் என்ன விகிதம் என்று பொறியியல் பிரிவில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வசூலில் இறங்குங்கள். மத்திய அரசின் நீர்வாழ் சூழலமைப்புப் பாதுகாப்புத் தேசியத் திட்டத்தில் களை அகற்றலுக்கும் இடமுண்டு. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. ஆனால் முன்மொழிவு மாநில அரசு வழியாகத்தான் போகும், சங்கம் நேராகக் கேட்க முடியாது. எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதி நிலைத்து நிற்கும் சொத்துக்கானது. கரை, படித்துறை, மதகு கேட்கலாம். களை பிடுங்கும் கூலி கேட்டால் கோப்பு திரும்பி வரும்.

ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதிக்கு எழுதினோம். “இது துப்புரவுப் பணி, மறுபடி வளரும்” என்று மறுத்துவிட்டார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்? (அம்மாபேட்டை)

அவர்கள் சொன்னது பாதி சரி. ‘ஏரியைச் சுத்தம் செய்தல்’ என்று தலைப்பு வைத்தால் ஒரு நாள் புகைப்படத்துக்கான வேலையாகத்தான் தெரியும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் நான்காம் இனம் சூழல் சமநிலை, தாவர-விலங்குப் பாதுகாப்பு, நீரின் தரம் பற்றியது. உங்கள் திட்டம் அதன் கீழ் வருகிறது என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மேட்டூர், சேலத்தில் ஆலை வைத்திருப்பவர்களிடம் போவது சென்னைத் தலைமையகங்களின் கதவைத் தட்டுவதைவிடப் பலன் தரும்.

பணம் வாங்கும் அமைப்புக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவும், இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கு இவை பெரும்பாலும் இருக்காது. இருக்கும் அறக்கட்டளை ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, அதன் பெயரில் கேளுங்கள். ஏரியில் யார் என்ன செய்வது, கணக்கு யார் கையில் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் மனத்தாங்கல் வருவது இந்த இடத்தில்தான்.

முக்கியமானது பட்ஜெட்டின் வடிவம். வருகிற முன்மொழிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய் பொக்லைனுக்கும் டிப்பருக்கும் போய்விடுகிறது. அதைத் திருப்புங்கள்: நூறு ரூபாயில் ஐம்பது முதல் அகற்றலுக்கு, பதினைந்து வரத்து வாய்க்கால் தடுப்புக்கு, இருபத்தைந்து அடுத்த இரண்டாண்டுக் கைக்களைக்கு, மீதிப் பத்து அளவீட்டுக்கும் நீர்ச் சோதனைக்கும். சி.எஸ்.ஆர். விதிப்படி ‘தொடர் திட்டம்’ என்று பெயரிட்டால் தொடங்கும் நிதியாண்டு போக மூன்றாண்டு வரை நடத்தலாம். இந்த வசதி இருந்தும் ஓராண்டுத் திட்டமாகவே எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆவணி, புரட்டாசியில் விண்ணப்பம் கொடுத்தால் தை மாதத்துக்குள் முடிவு தெரிய வாய்ப்புண்டு. மாசி முதல் சித்திரை வரை நீர் இறங்கியிருக்கும், வண்டி கரையருகே போகும். மார்ச் கடைசியில் அவசரமாகக் கொடுக்கும் பணத்தை வாங்கி ஐப்பசி மழையில் ஏரியில் இறங்குவது வீண்.

எத்தனை டன் களை என்று மதிப்பீட்டில் எழுதச் சொல்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது? (எருமாபாளையம்)

மூங்கிலில் ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் சட்டம் கட்டுங்கள். களை அடர்ந்த இடம், நடுத்தரம், மெலிந்த இடம் என்று குறைந்தது ஆறேழு இடத்தில் போட்டு, சட்டத்துக்குள் இருப்பதை வேரோடு எடுத்து, சொட்டு நின்றதும் தொங்கு தராசில் நிறுங்கள். நன்கு மண்டிய இடத்தில் சதுர மீட்டருக்கு 30 கிலோவும் அதற்கு மேலும் வரும். களை மூடிய பரப்பைக் கரையில் நின்று கண்மட்டமாகச் சொல்லக் கூடாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம்; 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கொருமுறை புதுப் படம். அதில் பச்சையை அளந்து, தேதியோடு அச்சிட்டு இணையுங்கள். வேலைக்கு முன், பின் ஒப்பிடவும் இதுவே சான்று.

10 ஏக்கர் என்பது சுமார் 40,000 சதுர மீட்டர். 30 கிலோ என்றால் 1,200 டன். இதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். அள்ளியதும் டிப்பரில் ஏற்றினால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறீர்கள். கரையில் நான்கைந்து நாள் வடியவிட்டு ஏற்றினால் நடை பாதிக்கு மேல் குறையும். ஆனால் குவியல் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சரிவில் போட்டுவிட்டு வந்தால், ஒரு கோடை மழை போதும், எல்லாம் திரும்ப உள்ளே.

இயந்திரம் எழுதும்போதும் கவனம். நீள்கை பொக்லைன் கரையிலிருந்து 15 மீட்டர் அளவுதான் எட்டும். நடு ஏரிக் களையைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுக்க ஆளும் பரிசலும் தனிச் செலவு. அல்லது ஆடிக் காற்றை நம்புங்கள்: மேற்குக் காற்று களையைக் கிழக்குக் கரையில் கொண்டுவந்து அடைத்துவிடும். அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு ஆகாயத்தாமரை எம்மாத்திரம்! கூலியில்லா வேலையாள்.

போன வருஷம் முழுக்க அகற்றினோம். ஆறு மாதத்தில் பழையபடி. எங்கே தவறு? (பள்ளப்பட்டி)

மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது, மிச்சம். நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் இருந்தால் இரண்டு வாரத்தில் ஆகாயத்தாமரை இரு மடங்காகும். மதகு மூலையில் ஒரே ஒரு சதுர மீட்டர் விட்டிருந்தால் 24 வாரத்தில் 4,096 சதுர மீட்டர், ஒரு ஏக்கருக்கு மேல். உங்கள் ஆறு மாதக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, விதை. சேற்றில் விழுந்த விதை 15, 20 ஆண்டு கூட உயிரோடு கிடக்கும். கோடையில் நீர் வற்றி ஓரச்சேறு வெளியே தெரிந்ததும் முளைக்கும். அகற்றியபின் முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கொருமுறை, பிறகு மாதத்துக்கொருமுறை ஓரமாக நடந்து கையால் பிடுங்குவதுதான் மருந்து. இரண்டு பேர், ஒரு பரிசல், அரை நாள். இந்தச் சின்னச் செலவைத்தான் எந்த நிதியளிப்பாளரும் தானாக முன்வந்து தருவதில்லை. நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வரத்து. மேல் ஏரியில் களை இருந்தால் மழை வெள்ளத்தோடு வாய்க்கால் வழியே வந்துவிடும். வாய்க்கால் வாயில் மிதவைத் தடுப்பு கட்டுங்கள். நாலங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளின் இரு முனையையும் மூடி, ஒட்டி, காற்றடைத்த மிதவையாக்கி, இரும்பு வடத்தில் கோர்த்து, கீழே ஒன்றரை அடி ஆழத்துக்கு நைலான் வலை தொங்கவிட்டு, வலையின் அடியில் சங்கிலி கோர்க்க வேண்டும். நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள். சாய்வாகக் கட்டினால் களை வழுக்கி ஒரு மூலையில் சேரும், அங்கிருந்து அள்ளலாம். வடம் இறுக்கமாக இருந்தால் நீர்மட்டம் ஏறும்போது அறுந்துவிடும், தளர்வு விடுங்கள். ஒரு முனையில் மட்டும் மெல்லிய கயிறு கட்டிவையுங்கள்: பெருவெள்ளத்தில் அது அறுந்து தடுப்பு கதவுபோல் திறக்கும், மொத்தமும் அடித்துப் போகாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிளாஸ்டிக்கையும் களையையும் எடுக்காவிட்டால், வாய்க்கால் அடைத்துக்கொண்டு மேலே உள்ள வீடுகளுக்குள் தண்ணீர் போகும். பழி உங்கள் தலையில்.

வாய்க்காலில் வருவது சாக்கடை என்றால் இதெல்லாம் கால அவகாசம் மட்டுமே. அதற்கான பணம் பாதாளச் சாக்கடைத் திட்டத்திலிருந்து வர வேண்டும், களைத் திட்டத்திலிருந்து அல்ல. மனுவைத் தனியாக எழுதுங்கள்.

ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டு விட்டால் செலவே இல்லை என்கிறார்களே? (ஓமலூர்)

செலவு குறைவு, பொறுமை அதிகம். நியோகெட்டினா என்ற கூன்வண்டை 1980களில் பெங்களூரில் இறக்குமதி செய்து, சோதித்து விட்டார்கள். அங்கே சில ஏரிகளில் களை நன்றாகவே அடங்கியது. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு ஆண்டு ஆகும். சாக்கடை நீரில் வண்டு தின்பதைவிடச் செடி வேகமாக வளரும். இன்னொரு சிக்கல்: வண்டை விட்டுவிட்டு அதே ஆண்டு பொக்லைனால் எல்லாவற்றையும் அள்ளினால் வண்டும் டிப்பரில் போய்விடும். ஒரு மூலையை மிதவை போட்டு அடைத்து, வண்டுகளுக்கென்று விடுங்கள். இலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வட்டத் தழும்புகள் தெரிந்தால் ஏற்கெனவே உங்கள் ஏரியில் வண்டு இருக்கிறது, வாங்கும் செலவும் மிச்சம். இல்லையென்றால் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனத்தைக் கேட்டு வாங்குங்கள்.

களைக்கொல்லி பற்றி யாரும் கேட்கவில்லை, நல்லது. முழுப் பரப்பும் ஒரேயடியாகச் செத்து அமிழ்ந்தால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஏற்காட்டில் எஸ்டேட் குட்டையில் ஜிலேபியும், ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டி துடைக்கும் மீனும் கலந்துவிட்டன. ஒழிக்க மானியம் உண்டா? (ஏற்காடு)

ஒழிக்க இல்லை. ஒழித்தபின் நல்ல மீன் வளர்க்க, தகுதி இருந்தால், பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 60 சதவீதமும் கேட்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை உள்ளது. அது உங்கள் குட்டையில் இருப்பதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள், ஆய்வுக்கு வருவார்கள்.

வழிமுறை: பங்குனி, சித்திரையில் நீரை இறைத்து, வலை போட்டுப் பிடித்துவிடுங்கள். இறைக்கும் குழாய் வாயில் சன்னமான வலை கட்டாயம். இல்லாவிட்டால் குஞ்சுகள் ஓடை வழியே இறங்கிவிடும். மிச்ச நீரில் இலுப்பைப் பிண்ணாக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில். 10 சென்ட் குட்டைக்கு 100 கிலோ. நச்சு அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை ஆடு மாட்டை அண்டவிடாதீர்கள். கெளுத்தி காற்றையும் சுவாசிக்கும், சேற்றிலும் புதையும், பிண்ணாக்குக்குத் தப்பும். தரை வெடிக்கும்வரை காயவிட்டால்தான் போகும். இது தனியார் குட்டைக்கு மட்டும். பொது ஏரியில் பிண்ணாக்கு போட்டால் வழக்கு வரும்.

கண்ணாடித் தொட்டி மீன் பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடும் விருந்தினர்களுக்கு ஒரு பலகை வையுங்கள். இதைவிட மலிவான தடுப்பு கிடையாது.

அகற்றிய களையை மண்புழு உரமாக்கி விற்று, அந்த வருமானத்தைப் பங்களிப்பாகக் காட்டலாமா? (சீலநாயக்கன்பட்டி)

உரமாக்கலாம், வருமானமாகக் காட்டாதீர்கள். 1,200 டன் காய்ந்து மக்கினால் நூறு டன்னுக்கும் குறைவு. சலிக்கவும் மூட்டை கட்டவும் ஆகும் கூலி விலையைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், திருமணிமுத்தாற்றை ஒட்டிய நீர்நிலைகளில் சாயக்கழிவு கலந்திருக்கலாம். ஆகாயத்தாமரை வேர் காட்மியம், ஈயம், குரோமியம் போன்றவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கன உலோக வரம்பு உண்டு. ஆய்வறிக்கை வராமல் கீரைப் பாத்திக்கு ஒரு கூடை கூடக் கொடுக்காதீர்கள். பூத்த செடியைத் தனியாக ஒதுக்கி, நன்கு சூடேறும் குவியலின் நடுவில் போடுங்கள், விதை சாக வேண்டும்.

வெளிநாட்டு நிதி? (சூரமங்கலம்)

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிச் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஒரே ஏரிக்கு இவ்வளவு காகிதம் தேவையில்லை. அதற்குப் பதில், மீன் பாசிக் குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் அடுத்து வரும்போது, ஓரக்களை எடுப்பது குத்தகைதாரர் பொறுப்பு என்று நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி ஏலத் தேதிக்கு முன்பே மனு கொடுங்கள். ஏலம் முடிந்தபின் போனால் அடுத்த குத்தகைக் காலம்வரை காத்திருக்க வேண்டும்.