குழந்தையை முதலில் பார்க்கும் நர்ஸின் கணிப்பை நம்பலாமா?

அவசரப் பிரிவில் டாக்டருக்கு முன்பே நர்ஸ் பார்த்து, எந்தக் குழந்தை உடனே உள்ளே போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பிரிக்கிறாரே, அதை எவ்வளவு நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கம் அந்த மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். நம்பலாம். குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தாரா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரே குழந்தையை இரண்டு நர்ஸ்கள் தனித்தனியே பார்த்தால் ஒரே பிரிவில் வைப்பார்களா? ஆய்வாளர்கள் இதை ‘கப்பா’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த பிறகு, முழு ஒற்றுமை என்றால் 1. வலிப்போடு வரும் குழந்தையிலும், மூக்கொழுக ஓடித் திரியும் குழந்தையிலும் எங்களுக்குள் பேச்சே எழாது. நடுவில் இருப்பவர்களிடம்தான் கணிப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

மலையில் குளிரும் சேர்ந்து குழப்பும். கை சில்லிட்டு, நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகி, நாடியும் பலவீனமாக வேகமாக ஓடினால் ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. மார்கழி விடியலில் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்த எந்தக் குழந்தையின் கை சில்லிடாமல் இருக்கும்? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் குளிர்ந்த விரலில் தடுமாறும். அதனால் நகத்துக்குப் பதிலாக நெஞ்செலும்பின் மேல் அழுத்தி, நிறம் திரும்புவதைப் பார்ப்போம்.

நானும் தவறியிருக்கிறேன். ஒன்பது மாதக் குழந்தை. இரண்டு ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் பாட்டியின் சால்வை. “வெறும் சளிதான் சிஸ்டர்” என்றார் பாட்டி. தூங்குகிறது என்று நினைத்துக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் கழித்து உடன் வேலை பார்த்தவர் ஸ்வெட்டரைத் தூக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. முழு நிமிடம் எண்ணினார்: 64. அந்த வயதில் 50 இருந்தாலே வேக மூச்சு. நல்லவேளையாகக் குழந்தை தேறியது. பாட்டியின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் துணிவில்லை.

ஆகவே ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் ‘குளிருமே’ என்று முறைக்காதீர்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் நிறையவில்லை என்றால் பெயருக்கு முன் வயதைச் சொல்லுங்கள், முன்னால் எடுத்துக்கொள்வோம். காத்திருக்கும்போது பால் குடிக்க மறுத்தாலோ, தலை துவண்டாலோ நேரே மேசைக்கு வாருங்கள். திரும்பப் பார்ப்பதும் எங்கள் வேலைதான்.