மன்னிப்புக் கடிதத்தை எழுதியது யார்?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளியில் இந்த ஆண்டிலிருந்து வாரம் ஒருநாள் 'வாழ்க்கைத் திறன்' வகுப்பு வைத்திருக்கிறார்கள். கோபத்தைக் கையாள்வது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது, முடிவெடுப்பது என்று பாடம் நடக்கிறது. ஒர்க் ஷீட்டில் எல்லாவற்றையும் சரியாக எழுதி 'ஏ' கிரேடு வாங்குகிறான். வீட்டிலோ ஒன்று கேட்டால் கதவை அறைந்து சாத்துகிறான். குடித்த தம்ளரை எடுத்து வைக்க மாட்டான். காலையில் புத்தகப் பையை நான்தான் அடுக்க வேண்டும். போன மாதம்கூட வகுப்புப் பையன் ஒருவனைப் படிக்கட்டில் தள்ளிவிட்டான் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிவரச் சொன்னார்கள். பரீட்சை நேரம் என்பதால் நானே எழுதி, அவனைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னேன். இந்த வகுப்பால் என்னதான் பயன்? அந்த நேரத்தில் கணக்கு நடத்தச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாமா? இல்லை, வெளியே நல்ல பயிற்சி வகுப்பில் சேர்க்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: சகோதரி, கதவை அறைந்து சாத்தும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. 13 வயதில் கதவு அறைபடாத வீடும் குறைவு. அதைப் பிறகு பார்ப்போம். போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மன்னிப்புக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அன்று மாலை அந்த வெள்ளைத்தாளுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் 'அவன்தான் முதலில் வம்புக்கு வந்தான்' என்று எழுதியிருப்பான். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்து, அது மன்னிப்பு இல்லை என்று உறைத்து, அந்த வரியை அடித்திருப்பான். விழும்போது அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டி வந்திருக்கும். வயிற்றைப் பிசைந்திருக்கும். அந்த வேதனையோடு நான்கு வரி எழுதி, மறுநாள் அதை நீட்டி, அவன் என்ன சொல்வானோ என்று எதிரில் நின்றிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிகளுக்காக 10 வாழ்க்கைத் திறன்களைத் தொகுத்தது. தன்னை அறிதல், பிறர் துன்பத்தை உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், தெளிவாகப் பேசுதல், உறவைப் பேணுதல், சிக்கலைத் தீர்த்தல் என்று போகும் அந்தப் பட்டியல். இதில் ஏழெட்டு, அந்த ஒரு தாளில் அவனுக்காகக் காத்திருந்தன. அதை அவன் கையிலிருந்து வாங்கி நீங்கள் எழுதிவிட்டு, வகுப்பால் என்ன பயன் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதிய கடிதம் பிழையில்லாமல்தான் இருந்திருக்கும். ஆனால் அதில் ஒரு சொல்கூட அவனுடையது இல்லை. தப்பை நான் செய்யலாம், தலைகுனிவை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். ஒரு மனிதனை வலிக்கச் செய்ததைவிட நாளைய பரீட்சை பெரிது என்றும் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. பரீட்சை இன்னும் எத்தனையோ வரும்.

பள்ளியைக் குறை சொல்லாதீர்கள். இந்த வகுப்புகள் வீண் இல்லை. இதுபோன்ற 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவர்களை வைத்து 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இவற்றில் சேர்ந்த பிள்ளைகளின் நடத்தையும் மேம்பட்டது, படிப்பும் மேம்பட்டது என்று கண்டது. நூறு பேரைக் கீழிருந்து மேலாக மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், 50-ஆம் இடத்துப் பிள்ளை 61-க்கு ஏறும் அளவுக்கு. கணக்கு நடத்தச் சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே போதும்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, பிள்ளையைச் செய்துபார்க்க வைத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கி, எந்தத் திறனைப் பழகுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன திட்டங்களே நன்றாகப் பலித்தன. செய்துபார்க்க வைப்பது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு பீரியடில் டீச்சர் என்ன செய்துவிட முடியும்? 'எனக்குக் கோபம் வருகிறது' என்று பெயர் சொல்லப் பழக்கலாம். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வேகம் சற்றுத் தணியும் என்பது உண்மைதான். ஆனால் நிஜமான கோபமும் நிஜமான நண்பனும் நிஜமான தப்பும் வகுப்புக்கு வெளியேதான் வருகின்றன. அப்படி ஒன்று வந்து நின்றபோது நீங்கள் குறுக்கே போய்விட்டீர்கள். வெளியே எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேர்க்க வேண்டாம். அங்கேயும் ஒர்க் ஷீட் தருவார்கள்.

தம்ளரையும் பையையும் வேறு விஷயம் என்று நினைக்காதீர்கள். பையை அவனே அடுக்கினால் ஒருநாள் நோட்டை மறப்பான். டீச்சரிடம் அவனே போய்ச் சொல்வான். அசிங்கமாக இருக்கும், தாங்கிக்கொள்வான், அடுத்த நாள் முன்னிரவே எடுத்து வைப்பான். மறந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள். ஒருமுறை செய்து காட்டுங்கள், இரண்டு மூன்று நாள் கூட நின்று செய்யுங்கள், அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். கோணலாக இருந்தாலும் சரிசெய்யப் போகாதீர்கள். அம்மா பின்னாலேயே வந்து திருத்துவாள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் முழு மனதோடு செய்யாது.

'வீட்டு வேலையில் உதவி' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். உதவி என்பது அடுத்தவர் வேலையில் செய்வது. அவன் குடித்த தம்ளர் அவனுடையது, அவன் உடுத்திய துணி அவனுடையது. ஒரு வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்த வீட்டின் பாரத்தில் பங்கு உண்டு. ஆண்பிள்ளை, படிக்கிற பிள்ளை என்ற விலக்கெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. அவன் அப்பா உங்கள் கடிதத்தில் எங்குமே வரவில்லை. கூட இருக்கிறார் என்றால், அவர் குடித்த தம்ளரை அவர் எடுத்து வைக்கிறாரா என்பதையும் பையன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். அறையும் நேரத்தில் பின்னாலேயே போய்ப் பேசாதீர்கள். அப்போது எதுவும் காதில் ஏறாது. ஆறிய பிறகு, 'கதவை அறைந்தாய், எனக்கு வருத்தமாக இருந்தது, என்ன கோபம்?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

இப்போது முதலில் செய்ய வேண்டியது. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'அந்தக் கடிதத்தை நான் எழுதியது தப்பு, என்னை மன்னித்துக்கொள்' என்று சொல்லுங்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மன்னிப்பு எப்படி இருக்கும் என்று அவன் வேறு எங்கே பார்ப்பான்? அதற்குப் பிறகு அவன் அந்தப் பையனிடம் நேரில் போக வேண்டும். என்ன பேசுவது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. நாலு நாள் மறுப்பான், ஒத்திப்போடுவான், பொறுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பையன் மன்னிக்காமலும் போகலாம். அது அவன் உரிமை. அதையும் உங்கள் மகன் தாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். மகனின் கிரேடு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. படிக்கட்டில் விழுந்தவன் வெறும் 'வகுப்புப் பையன் ஒருவன்'. அவனுக்கு அடிபட்டதா என்று ஒரு வரி இல்லை. இன்று மாலை மகன் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையனின் பெயரைக் கேளுங்கள். கை கால் நன்றாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.